எஞ்சின் சூடாகிறதா? எப்போது என்று முதலில் சொல்லுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தாப்பாவில் டர்போ கார் வைத்திருப்பவன் சோதனைச்சாலை தேடி எங்கும் போக வேண்டியதில்லை. ஊரைத் தாண்டினால் 59ஆம் எண் சாலை கேமரன் மலைக்கு ஏறத் தொடங்கிவிடும். தானா ராத்தா வரை சுமார் 60 கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. டோலுக்குள் நுழைந்தால் மணிக்கு 110 கிலோமீட்டர் அனுமதிக்கும் வடக்கு-தெற்கு விரைவுச்சாலை. இரண்டுக்கும் நடுவே செம்பனைத் தோட்டங்களின் செம்மண் பாதை, குலை லாரி கிளப்பிவிட்டுப் போகும் புழுதி. எஞ்சினைச் சூடாக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

என்னுடையது பழைய செடான். ஹாஃப்கட் கடையில், அதாவது பாதியாக வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடையில், வாங்கிய 1.8 லிட்டர் டர்போ எஞ்சினை அதில் ஏற்றிய முதல் மாதமே வெப்பம் காட்டும் முள் மேலே போயிற்று. யாரையும் கேட்காமல் 52 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினிய ரேடியேட்டர் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஆனால் கடைத்தெருவில் நின்றால் முன்னைவிட வேகமாகச் சூடேறியது. தடித்த ரேடியேட்டருக்கு இடம் போதாமல் விசிறிக் கூண்டைக் கழற்றிப் போட்டிருந்தேன். காரியத்தைக் கெடுத்தது அதுதான் என்று எனக்குப் புரிய மூன்று மாதம் ஆயிற்று. ஊரில் ரேடியேட்டருக்கு ஈயம் பற்றவைக்கும் சீனப் பெரியவர் ஒருவர் போனட்டைத் திறந்து பார்த்த மாத்திரத்தில் மலாயில் இரண்டே சொல் சொன்னார்: "ஆங்கின் டூலு." முதலில் காற்று.

அன்றிலிருந்து, "அண்ணே, எந்த ரேடியேட்டர் வாங்கலாம்?" என்று கேட்டு வரும் தம்பிகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். எப்போது சூடாகிறது? நின்றாலா, ஓடினாலா, ஏறினாலா, அணைத்த பிறகா? பாதி வைத்தியம் அந்தப் பதிலிலேயே இருக்கிறது. பெரும்பாலும் ரேடியேட்டரின் மேல் குற்றமே இருக்காது.

முள்ளை நம்புவதற்கு முன்னால்

பல கார்களில் டாஷ்போர்டு முள் உண்மையைச் சொல்வதில்லை. ஓட்டுநர் பயந்துவிடக் கூடாது என்பதற்காக, ஏறக்குறைய 75 டிகிரியிலிருந்து 105, 110 வரைக்கும் அது நடுவிலேயே நிற்கும்படி தயாரிப்பாளர்களே அமைத்துவிடுகிறார்கள். அது அசையும்போது நேரம் கடந்திருக்கும். ஓபிடி இணைப்பு (காரின் கணினியைப் படிக்கும் சாக்கெட்) உள்ள கார் என்றால் ஒரு மலிவான ரீடரை வாங்கிக் கைப்பேசியில் எண்ணைப் பாருங்கள். பழைய கார் என்றால் தனியாக ஒரு மானியைப் பொருத்துங்கள். சென்சார் எஞ்சினிலிருந்து தண்ணீர் வெளியேறும் பக்கத்தில் இருக்க வேண்டும். ரேடியேட்டரின் கீழ்க்குழாயில் வைத்தால் குளிர்ந்த தண்ணீரின் கணக்குத்தான் கிடைக்கும்.

ஒரு வாரத்துக்குக் குறிப்பேட்டில் எழுதுங்கள்: வேகம், வெளிவெப்பம், ஏர்கோன் ஓடியதா, எத்தனை டிகிரி. தோட்டத்துக் கிராணி செக்ரோல் (ஆள் வருகைப் பதிவேடு) எழுதுவதைப் போல விடாமல் எழுத வேண்டும். 82 டிகிரி தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) உள்ள எஞ்சின் 85க்கும் 95க்கும் இடையே ஓடினால் ஒரு குறையும் இல்லை. மலை ஏறும்போது 100ஐத் தொட்டாலும் பதறத் தேவையில்லை. 105ஐத் தாண்டி இன்னும் ஏறிக்கொண்டே போனால் காலை எடுங்கள்.

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். சாக்கைப் போட்டு மூடித் திறந்தாலும் கை வெந்துபோகும். உள்ளே இருப்பது 100 டிகிரிக்கு மேலும் அழுத்தத்தால் கொதிக்காமல் அடங்கியிருக்கும் தண்ணீர். திறந்த கணத்தில் கொதித்து, ஆவியோடு பீறிட்டு வரும். மேற்குழாயைத் துணியோடு அமுக்கிப் பாருங்கள். குழைந்து கொடுக்கிற வரைக்கும் கடையில் ஒரு தே தாரே குடிக்கலாம்.

நின்றால் சூடு, ஓடினால் குளிர்ச்சி

தைப்பூசத்துக்கு முதல் நாள் பத்துமலைக்குப் போகும் வழியில் கார்கள் நகராமல் நிற்குமே, அங்கே முள் ஏறும். சாலை திறந்ததும் இறங்கிவிடும். இது காற்றுக் கோளாறு. ரேடியேட்டரை மாற்றாதீர்கள்.

எஞ்சினை ஓடவிட்டு, விசிறி சுற்றும்போது ஒரு வெள்ளைத்தாளை முன்பக்கக் கிரில்லில் வையுங்கள். காற்று உள்ளே இழுக்கப்பட்டால் தாள் ஒட்டிக்கொள்ளும். விழுந்தால் இழுவை போதவில்லை. தாள் உங்களை நோக்கிப் பறந்து வந்தால் விசிறி எதிர்த்திசையில் சுற்றுகிறது. சிரிக்காதீர்கள், வயரை மாற்றிக் கொடுத்த கார்களை நான் ஒன்றுக்கு மேல் பார்த்துவிட்டேன். அந்த நிலையில் கார் வேகமெடுக்கும்போது வெளிக்காற்றும் விசிறிக்காற்றும் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும்.

விசிறியே சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, சென்சார் என்ற வரிசையில் பாருங்கள். சுற்றுகிறது, ஆனால் சோம்பலாகச் சுற்றுகிறது என்றால் மின்னழுத்தமானியை விசிறியின் முனைகளிலேயே வைத்து அளக்க வேண்டும். பேட்டரியில் 14 வோல்ட் இருக்க, விசிறியில் 12 வோல்ட்தான் வருகிறது என்றால் நடுவில் எங்கோ ஒரு மெல்லிய வயரோ துருப்பிடித்த எர்த் முனையோ அதைத் தின்றுகொண்டிருக்கிறது. பெரிய விசிறி 20, 25 ஆம்பியர் இழுக்கும். பழைய காரின் பழைய வயரில் அதை மாட்டினால் வயர்தான் சூடாகும். தனி ரிலே, தடித்த வயர், தனி ஃபியூஸ் மூன்றும் வேண்டும்.

இனி விசிறிக் கூண்டு. ஷ்ரவுட் என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். கூண்டு இல்லாத விசிறி தனக்கு நேரே இருக்கும் வட்டத்தின் வழியாக மட்டும் காற்றை இழுக்கும். சதுர ரேடியேட்டரின் நான்கு மூலைகளும் சும்மா கிடக்கும். அதைவிட மோசம், காற்று சுலபமான வழியைத் தேடி ரேடியேட்டரின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போகும். ரேடியேட்டருக்கும் முன் சட்டத்துக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஃபோம் பட்டையை ஒட்டுங்கள். நான் பிஸ்கட் டின்னின் தகரத்தை வெட்டி மடித்து அடைத்தேன். செலவு ஒரு மாலைப்பொழுதும் கொஞ்சம் ரிவெட்டும். கடைத்தெருவில் 104 வரை போய்க்கொண்டிருந்தது அதன் பிறகு 95ஐத் தாண்டவில்லை. அதே ரேடியேட்டர், அதே விசிறி.

தோட்டப்புறக் காருக்கே உரிய நோய் ஒன்று உண்டு. முன்னால் இருந்து பார்த்தால் கண்டென்சர், அதாவது ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏர்கோன் வலை, சுத்தமாகத்தான் தெரியும். அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள சந்தில்தான் லாலாங் புல்லின் பஞ்சும், பூச்சி இறகும், செம்மண்ணும் சேர்ந்து மெத்தை போலப் படிந்திருக்கும். மேல் கிளிப்பைக் கழற்றி ரேடியேட்டரைச் சற்றுப் பின்னால் சாய்த்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். கழுவும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, தோட்டத்துச் செடிக்கு ஊற்றும் அளவு வேகத்தில் தண்ணீர் விட வேண்டும். கார் கழுவும் கடையின் உயர் அழுத்தப் பீச்சானை நேரே காட்டினால் மெல்லிய தகடுகள் படுத்துவிடும், படுத்த தகடு வழியாகக் காற்றுப் போகாது. மழைக்குப் பின் குலை லாரியின் பின்னால் போனீர்களா? சேறு காய்வதற்கு முன்பே கழுவிவிடுங்கள். காய்ந்த செம்மண் செங்கல்தான்.

நெடுஞ்சாலையில் சூடு, ஊருக்குள் ஒன்றுமில்லை

இது மேலே சொன்னதற்கு நேர் எதிர். 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் விசிறிக்கு வேலை குறைவு. காற்று தானாகவே வந்து மோதுகிறது. அப்படியும் சூடாகிறது என்றால் தண்ணீர் சரியாகச் சுற்றவில்லை, ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது, அல்லது அது உண்மையிலேயே சிறியது. எரிபொருள் கலவை மெலிந்தாலும், இக்னிஷன் நேரம் பின்தங்கினாலும், எஞ்சின் தட்டினாலும் வழக்கத்துக்கு மேல் வெப்பம் தண்ணீரில் இறங்கும். அதனால் டியூனிங் செய்த பிறகு தொடங்கிய சூடு என்றால் முதலில் டியூனரிடம் போங்கள், ரேடியேட்டர் கடைக்கு அல்ல.

கீழ்க்குழாயைப் பாருங்கள். பம்ப் தண்ணீரை உறிஞ்சுவது பெரும்பாலும் அதன் வழியாகத்தான். ஒருவரை உள்ளே உட்காரவைத்து எஞ்சினை 3,000 சுற்றில் பிடிக்கச் சொல்லுங்கள். பழைய, இளகிப்போன குழாய் ஸ்ட்ரா போல ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் சுற்றுக் குறைந்ததும் ஒன்றும் தெரியாததுபோல் உருண்டுகொள்ளும். பட்டறையில் நிற்கும்போது இந்தக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கவே முடியாது.

அடுத்து, ரேடியேட்டரின் முகத்தை வெப்பமானித் துப்பாக்கியால் கட்டம் கட்டமாக அளங்கள். நடுவில் ஒரு பட்டை மட்டும் சில்லென்று இருந்தால் அந்தக் குழாய்கள் அடைத்துப்போயின. பளபளக்கும் அலுமினியம் அந்தத் துப்பாக்கியை ஏமாற்றும். கருப்பு டேப்பை ஒட்டி, அதன் மேல் அளந்தால் சரியான எண் வரும். அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் நாமேதான். ஒழுகலை அடைக்கும் பொடி, அந்தக் காலத்தில் மஞ்சள்தூள். தோட்டத்து லேண்ட்ரோவரின் அகன்ற பித்தளைக் குழாய்களில் ஒரு பிடி மஞ்சள்தூள் பிழைத்துப் போயிருக்கலாம். இன்றைய அலுமினிய ரேடியேட்டரின் தட்டையான குழாயில் உள்வழி ஓரிரு மில்லிமீட்டர்தான். சாம்பாருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, ரேடியேட்டர்தான் போதவில்லை என்று முடிவானால் இப்போது கடைக்குப் போகலாம். போகும் முன் ஒரு சின்னக் கணக்கு. ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது. தண்ணீர் 90 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 டிகிரி உள்ள குளிர்நாட்டில் வேறுபாடு 75. இங்கே பிற்பகலில் 34 டிகிரி, வேறுபாடு 56. அதாவது அதே ரேடியேட்டர் இங்கே முக்கால் பங்கு வேலைதான் செய்யும். டர்போ காரில் அதற்கு முன்னால் இன்டர்கூலர் (டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றை ஆற்றும் வலை) வேறு நிற்கிறது. 1 பார் பூஸ்ட்டில் (டர்போ கூட்டும் காற்றழுத்தம்) டர்போவிலிருந்து வரும் காற்று 120 டிகிரியையும் தாண்டும். அந்த வெப்பத்தை வாங்கிக்கொண்ட காற்றுத்தான் ரேடியேட்டருக்கு வந்து சேர்கிறது. அது 10 டிகிரி கூடி வந்தால் மிச்சம் 46. "வெளிநாட்டில் 300 குதிரைத்திறனுக்கு இதுவே போதும் என்கிறார்கள்" என்று எவராவது விற்க வந்தால் இந்தக் கணக்கை அவரிடம் போட்டுக் காட்டுங்கள்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது முகப்பரப்பு. அகலமும் உயரமும் எவ்வளவு கூடுமோ அவ்வளவு. தடிமன் அடுத்த பேச்சு. முன் வரிசைக் குழாய்களைத் தொட்ட காற்று சூடாகித்தான் பின் வரிசைக்குப் போகிறது. அதனால் ஒவ்வொரு கூடுதல் மில்லிமீட்டருக்கும் பலன் குறைந்துகொண்டே வரும், காற்றுக்குத் தடை மட்டும் கூடிக்கொண்டே போகும். தெருவிலும் மலையிலும் ஓட்டும் காருக்கு 36 முதல் 42 மில்லிமீட்டர் தடிமன், நல்ல கூண்டோடு, போதும் என்பது என் முடிவு. 52 என்பது செப்பாங் ஓடுகளத்தில் நின்று நிதானிக்காமல் சுற்றுபவர்களுக்கு. அங்கே ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், இரண்டு நீண்ட நேர்ப்பாதைகளில் காற்று அள்ளிக்கொண்டு வந்து மோதும். நம் கடைத்தெருவில் மோதுவது ரிக்‌ஷா மணியோசைதான்; அதுவும் இப்போது இல்லை.

தகடுகளின் நெருக்கத்தையும் பாருங்கள். நெருக்கமான தகடு எண்ணில் நன்றாக இருக்கும். லாலாங் பஞ்சுக்கு அதுவே பொறி. புழுதிப் பாதையில் தினமும் ஓட்டுபவர் சற்று இடைவெளி விட்ட தகட்டை எடுக்கலாம்.

செம்பும் பித்தளையுமா, அலுமினியமா? உலோகமாக எடுத்துக்கொண்டால் செம்பு வெப்பத்தை அலுமினியத்தைவிட மிக நன்றாகக் கடத்துகிறது. ஆனால் பித்தளைக் குழாயை அகலமாகச் செய்தால் அழுத்தத்தில் உப்பும். குழாயையும் தகட்டையும் சேர்க்கும் ஈயப் பற்று வேறு வெப்பத்தைத் தடுக்கும். அலுமினியக் குழாயை ஓர் அங்குலம் அகலத்துக்குச் செய்யலாம், தகடு குழாயோடு நேரே உருகி ஒட்டுகிறது, எடையும் குறைவு. அதனால் நான் அலுமினியத்தின் பக்கம். சீனப் பெரியவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பித்தளை என்றால் உடைந்த இடத்தில் அரை மணியில் பற்றவைத்துத் தருவேன், உன் அலுமினியத்தைக் கொண்டு நீ ஈப்போ வரைக்கும் அலைய வேண்டும் என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது.

பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டர் சாதாரணக் காருக்குப் போதும். பூஸ்ட் ஏற்றிய காருக்கு முழு அலுமினியத் தொட்டியும், நன்றாகப் பற்றவைத்த மூலைகளும் தேவை. வாங்கும்போது மூலைப் பற்றை விரலால் தடவிப் பாருங்கள். குழாய் வாய்களின் விட்டத்தையும் உங்கள் ஹோஸோடு ஒப்பிட்டுவிடுங்கள். பொருந்தாத வாயில் கிளிப்பை இறுக்கி இறுக்கிச் சமாளித்தவர்கள் எல்லோரும் ஒருநாள் நடுவழியில் நின்றிருக்கிறார்கள்.

மலையில் மட்டும் ஏறும் சூடு

நெடுஞ்சாலையிலும் கடைத்தெருவிலும் சரியாக இருக்கிறது. லாத்தா இஸ்கண்டார் அருவியை நெருங்கும்போது 100, அதற்கு மேல் 106. மலையேற்றத்தில் எஞ்சின் நெடுஞ்சாலையில் செய்வதைவிட அதிகம் உழைக்கிறது, கார் போவதோ 40 கிலோமீட்டர் வேகத்தில். அதிக வெப்பம், குறைந்த காற்று. மேலே சொன்ன இரண்டு குறைகளும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தாலும் மலை அவற்றைக் கூட்டிக் காட்டிவிடும்.

உடனடியாகச் செய்ய வேண்டியது: ஏர்கோனை அணையுங்கள், கியரை ஒன்று இறக்கிப் பூஸ்ட் ஏறாமல் மெதுவாகப் போங்கள். உயர்ந்த கியரில் எஞ்சினைத் திணறவைத்தால் பம்பும் மெதுவாகச் சுற்றும். ஹீட்டரைத் திறந்துவிடு என்று வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லும். நம் ஊரில் விற்ற பல பழைய கார்களில் ஹீட்டரே கிடையாது. நின்றுதான் ஆக வேண்டும் என்றால் ஓரம் கட்டி, எஞ்சினை உடனே அணைக்காமல், விசிறியோடு சும்மா ஓடவிடுங்கள். முள் இறங்காமல் ஏறினால் மட்டும் அணையுங்கள். அருவித் தண்ணீரைக் கொண்டுவந்து எஞ்சினின் மேல் ஊற்றும் பழக்கம் வேண்டாம். சூடான அலுமினிய ஹெட் சட்டென்று சுருங்கினால் விரிசல் விடும்.

நிரந்தரத் தீர்வு இன்டர்கூலரைச் சுற்றித்தான் இருக்கிறது. பம்பர் முழுவதும் அடைத்த பெரிய இன்டர்கூலர் பார்க்க மிரட்டலாக இருக்கும். ஆனால் அதன் வழியாகப் போகும் காற்று மட்டுமே ரேடியேட்டருக்குக் கிடைக்கும். கொஞ்சம் சிறியதாக எடுத்து, மேல்பாதியில் ரேடியேட்டருக்கு நேர்க்காற்று வர வழி விடுங்கள். பம்பர் வாயிலிருந்து ரேடியேட்டர் வரை இருபுறமும் தகடு அடைத்து வழி செய்யுங்கள். கீழே இருந்த தட்டு எங்கே? தோட்டப் பாதையில் உரசுகிறது என்று பலர் கழற்றி வீசிவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் காரின் அடியில் போகும் காற்று எஞ்சின் அறைக்குள் ஏறி, ரேடியேட்டர் வழியாக வரும் காற்று வெளியேற விடாமல் முட்டுக்கட்டை போடும்.

வெளியே போகும் வழி என்றதும் போனட்டின் பின்பக்கத்தில் வாஷர் வைத்துத் தூக்கிவிடும் இளைஞர்கள் நினைவுக்கு வருகிறார்கள். நிற்கும்போது சூடு வெளியேறும், உண்மை. ஓடும்போது முன்கண்ணாடியின் அடியில்தான் காற்றழுத்தம் அதிகம். காற்று அந்த இடுக்கு வழியாக உள்ளேதான் வரும். துளை போடுவதென்றால் போனட்டின் முன்பாதியில், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் போட வேண்டும்.

எண்ணெயையும் மறக்க வேண்டாம். நீண்ட ஏற்றத்தில் எண்ணெய் 130 டிகிரியைத் தாண்டுகிறதென்றால் தண்ணீருக்குப் பெரிய ரேடியேட்டர் வைப்பதைவிட எண்ணெய்க்கு ஒரு கூலர் வைப்பது மேல். அதைக் கொண்டுபோய் ரேடியேட்டரின் முன்னாலேயே மாட்டிவிடாதீர்கள். பம்பரின் மூலையில் தனியாக வையுங்கள்.

முள் சட்டென்று ஏறி, சட்டென்று இறங்குகிறது

உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. கூலண்ட் (ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் திரவம்) மாற்றிய மறுநாள் வந்தால் ஏறக்குறைய நிச்சயம். காரின் மூக்கை மேடான இடத்தில் ஏற்றி நிறுத்துங்கள், மூடி திறந்த நிலையில் குளிர்ந்த எஞ்சினை ஓடவிடுங்கள், தெர்மோஸ்டாட் திறந்து தண்ணீர் இறங்க இறங்க ஊற்றுங்கள், குமிழ் நிற்கும் வரை. தெர்மோஸ்டாட்டில் சின்ன ஆடும் ஊசி ஒன்று இருந்தால் அது மேல்பக்கம் பார்க்கப் பொருத்த வேண்டும்; காற்று தப்பும் வழி அதுதான். இரண்டு முறை செய்த பிறகும் காற்று சேருகிறது என்றால் அது வெளியிலிருந்து வந்த காற்று அல்ல. அடுத்த பகுதியைப் படியுங்கள்.

தண்ணீர் குறைகிறது, தரையில் சொட்டு இல்லை

மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று பட்டறையில் சொன்னதும் உடனே எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். முதலில் ரேடியேட்டர் மூடியை மாற்றுங்கள். விலை சில வெள்ளிதான். மூடியின் மேலேயே 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும். தாங்கும் அழுத்தம் அது. 0.9 மூடி நன்றாக இருந்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்தால் 100ஐத் தாண்டியதும் கொதித்து, துணைத்தொட்டி வழியாகச் சாலையில் ஆவியாகப் போய்விடும். வீட்டு வாசலில் சொட்டு எப்படித் தெரியும்? 1.1 மூடி போட்டால் எஞ்சின் குளிரும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கொதிநிலை உயரும், வெப்பம் ஒரு டிகிரியும் குறையாது.

மூடி புதிது, இன்னும் குறைகிறது. காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி ஒரு நிமிடத்துக்குள் மேற்குழாயை அமுக்குங்கள். தண்ணீர் சூடாவதற்கு முன்பே குழாய் கல் போல இறுகினால் எரியறையின் அழுத்தம் தண்ணீருக்குள் நுழைகிறது. நீலத் திரவச் சோதனை செய்தால் உறுதியாகும். ரேடியேட்டர் வாயில் வைத்த நீலத் திரவம் புகைவாயு பட்டு மஞ்சளாக மாறும். ஒன்று கவனியுங்கள். டர்போ எஞ்சினில் பூஸ்ட் ஏறும்போது மட்டும் ஹெட் இம்மியளவு தூக்கி, தண்ணீரைத் துணைத்தொட்டிக்குத் தள்ளிவிட்டு மறுபடியும் அமர்ந்துவிடுவதுண்டு. சும்மா ஓடும் நிலையில் சோதித்தால் நீலம் நீலமாகவே இருக்கும். மலை ஏறி வந்து, மேற்குழாய் குழைந்து கொடுக்கும் வரை ஆறவிட்டு, மூடியைத் திறந்து சோதியுங்கள். எண்ணெய் மூடியின் அடியில் பால் போன்ற படிவம் கண்டால் அதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத வேண்டாம். மழைக்காலத்தில் கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் காரிலும் அது படியும். எண்ணெய்க் குச்சியிலும் பால் நிறம் தெரிந்தால்தான் கவலை.

அலுமினிய ரேடியேட்டரில் ஊசித்துளை விழுந்து மெல்லக் கசிவதும் உண்டு. மின்னழுத்தமானியின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை, எஞ்சின் ஆறியிருக்கையில், ரேடியேட்டரின் தண்ணீரிலும் தொடுங்கள், உலோகத்தில் படாமல். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மின்சாரம் தண்ணீர் வழியாக ஓடி அலுமினியத்தை அரிக்கிறது. எங்கோ எர்த் கெட்டிருக்கிறது. அரிப்புக்கு இன்னொரு காரணம் ஆற்றுத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும். வடித்த தண்ணீரோடு கூலண்ட் கலந்து ஊற்றுங்கள். நமக்கு உறைபனி இல்லாததால் பாதிக்குப் பாதி கலக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கூலண்டிலுள்ள கிளைக்கால் என்ற ரசாயனம் கூடக் கூடத் தண்ணீரின் வெப்பம் சுமக்கும் திறன் குறையும். புட்டியில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள், துரு தடுக்கும் மருந்து அதில்தான் இருக்கிறது. பச்சையையும் சிவப்பையும் கலந்து ஊற்ற வேண்டாம். நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யவும் வேண்டாம், ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு நிறம் போடுகிறார்.

முள் மேலே வரவே மறுக்கிறது

யாரோ தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிவிட்டார்கள். வெயில் நாட்டுக்கு அது எதற்கு என்பது எங்கள் பக்கத்துப் போமன்கள் (மெக்கானிக்குகள்) பலருக்கும் வேதவாக்கு. ஊருக்குள் 70 டிகிரியில் ஓடும் எஞ்சினுக்குக் கணினி குளிர் எஞ்சின் என்று நினைத்துப் பெட்ரோலை அதிகம் ஊற்றும், சிலிண்டர் தேயும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் பின்பக்கத் தட்டுதான் குறுக்குவழியை அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் பாதித் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலேயே எஞ்சினுக்குள் திரும்பும். குளிர வைக்கப் பிடுங்கியது அதிகச் சூட்டில் போய் முடியும்.

இதற்கு அவர்கள் சொல்லும் விளக்கம் வேடிக்கையானது: தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடுகிறது, ரேடியேட்டரில் ஆற நேரம் இல்லை என்பார்கள். தண்ணீர் சுற்றிச் சுற்றித்தான் வருகிறது. வேகமாகப் போனால் அடிக்கடி வரும். வேகம் கூடினால் வெப்பம் கைமாறுவதும் கூடும்.

சந்தேகமான தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, தண்ணீர்ச் சட்டியில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வையுங்கள். 82 என்று முத்திரை இருந்தால் 82ஐ ஒட்டித் திறக்கத் தொடங்கி, 95 ஆவதற்குள் முழுவதும் திறந்திருக்க வேண்டும். பால் காய்ச்சும் சட்டியை எடுக்காதீர்கள். நான் எடுத்தேன், அதற்கான விலையை வீட்டில் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அணைத்த பிறகு கொதிக்கிறது

மலையிலிருந்து வந்து காரை நிறுத்தினீர்கள், இரண்டு நிமிடத்தில் துணைத்தொட்டி குமிழிடும் சத்தம். பம்ப் நின்றது, விசிறி நின்றது, ஆனால் ஹெட்டிலும் டர்போவிலும் தேங்கிய வெப்பம் தண்ணீரில் இறங்குகிறது. ஓட்டும்போது எண் சரியாக இருந்தால் இது பெரிய நோய் அல்ல. கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரைப் பூஸ்ட் இல்லாமல் ஓட்டி வாருங்கள், நிறுத்திய பின் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். அப்படியும் கொதித்தால் மறுபடியும் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள், அதற்கப்புறம் துணைத்தொட்டிக்குப் போகும் மெல்லிய குழாயை. ஆறும்போது தண்ணீர் திரும்பி உறிஞ்சப்பட வேண்டும். அந்தக் குழாயில் ஒரு கீறல் இருந்தால் தண்ணீருக்குப் பதில் காற்று வரும், மறுநாள் முள் ஆடத் தொடங்கும்.

இந்த வேலைகளுக்கெல்லாம் கூலண்டை வடிக்க வேண்டியிருக்கும். பழைய பேசினில் வடித்துவிட்டு அப்படியே வைத்துப் போய்விடாதீர்கள். அது இனிக்கும், நாயும் ஆடும் குடிக்கும், குடித்தால் சிறுநீரகம் போய்விடும். மூடி உள்ள எண்ணெய்ப் புட்டியில் ஊற்றி, பெயர் எழுதி ஒட்டி, பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பேசினைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.